வரவை மட்டும் எழுதும் நீர்க் கணக்கு

புதுச்சேரியின் வில்லியனூர் வட்டத்தில், செல்லிப்பட்டுக்கும் பிள்ளையார்குப்பத்துக்கும் இடையே சங்கராபரணி ஆற்றின் குறுக்கே இருந்த படுகை அணை 2021 நவம்பர் வெள்ளத்தில் உடைந்தது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கட்டப்பட்டு நூறாண்டைக் கடந்து நின்ற கட்டுமானம் அது. மழை ஓய்ந்து ஆறு வடிந்த பிறகும் அதன் முதுகில் தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கும். சுற்றுவட்டக் கிணறுகளுக்கு அந்தத் தேக்கமே ஊற்றுக்கண் என்று இரு கரைகளிலும் சொல்வார்கள். அது உடைந்தபோது எழுந்த கோரிக்கை இயல்பானது: உடைந்ததைத் திரும்பக் கட்ட வேண்டும்.

அந்தக் கோரிக்கையைச் சுற்றி வளர்ந்த கருத்து அதைவிடப் பெரியது. கட்சி வேறுபாடு இல்லாமல் மேடையிலும் பட்ஜெட் உரையிலும் நாளிதழ்ச் செய்தியிலும் அது ஒரே வாய்ப்பாடாக வருகிறது. ஆற்று நீர் கடலில் வீணாகக் கலக்கிறது. குறுக்கே அணை கட்டித் தடுத்தால் நிலத்தடி நீர் உயரும். உயர்ந்தால் தட்டுப்பாடு தீரும். ஓர் அணை போதவில்லை என்றால் பத்து கட்டலாம். புதுச்சேரிக்கு மட்டும் உரிய வாய்ப்பாடும் அல்ல இது. பாலாற்றுக்கும் தென்பெண்ணைக்கும் குஜராத்தின் சௌராஷ்டிரத்துக்கும் இதையே சொல்கிறார்கள். மூன்று வரியில் சொல்லி முடித்துவிடலாம், யாரும் எதிர்க்க மாட்டார்கள், திறப்பு விழாவுக்கு ஒரு கல்வெட்டும் கிடைக்கும். ஆனால் இந்த வாய்ப்பாட்டின்படி எடுக்கப்படும் முடிவு, தீர்ப்பதாகச் சொல்லும் தட்டுப்பாட்டைச் சில ஆண்டுகளுக்குத் தள்ளிப்போடுகிறது. அதற்குள் அது வளர்ந்தும் விடுகிறது.

வாய்ப்பாட்டில் உள்ள உண்மையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். மணற்படுகையில் தண்ணீர் நின்றால் கரையோரக் கிணறு ஊறும். செல்லிப்பட்டு அணை நின்ற காலத்தில் அது நடந்தது. உடைந்த பிறகு கோடையில் கிணறுகள் சீக்கிரம் இறங்கின என்ற உழவர்களின் குறையை மறுப்பதற்கு ஏதுமில்லை. மறுக்க வேண்டியது அடுத்த படியை. கிணறு ஊறியதைப் பார்த்த பிறகும் யாரும் எதையும் மாற்றாமல் முன்பு இறைத்த அளவே இறைப்பார்கள் என்று அந்த வாய்ப்பாடு எடுத்துக்கொள்கிறது. கணக்கு வழுக்குவது அந்த இடத்தில்தான்.

முடிவெடுக்கும் எவரும் மனத்தில் ஒரு சித்திரத்தை வைத்துக்கொண்டுதான் எடுக்கிறார், அது உழவராக இருந்தாலும் பொதுப்பணித் துறைப் பொறியாளராக இருந்தாலும் அமைச்சராக இருந்தாலும். ‘அணை கட்டினால் நீர் உயரும்’ என்பது ஒரே அம்புக்குறி உள்ள சித்திரம். காரணம் ஒரு பக்கம், விளைவு மறு பக்கம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜே ஃபாரஸ்டர் வளர்த்தெடுத்த முறைமைச் சிந்தனை, இத்தகைய சித்திரங்களின் போதாமையிலிருந்து பிறந்தது. நகரங்களையும் தொழிற்சாலைகளையும் ஆராய்ந்த அவர், நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் திருத்தங்கள் பல வேளை எதிர்பார்த்ததற்கு நேர்மாறான பலனைத் தருவதை 1971-இல் எழுதிக் காட்டினார். அவர் வழியில் வந்த டொனெல்லா மெடோஸ் 1972-இல் தம் குழுவினரோடு ‘வளர்ச்சியின் எல்லைகள்’ நூலை எழுதினார். அந்தச் சிந்தனைக்கு வேண்டிய கருவிகள் சிலவே: ஓர் இருப்பு, அதற்குள் வரும் வரத்து, அதிலிருந்து வெளியேறும் போக்கு, இருப்பின் நிலையைப் பார்த்து வரத்தோ போக்கோ மாறுகிற பின்னூட்டம், அந்த மாற்றம் தெரிய எடுக்கும் தாமதம். ஏரிப் பாசனம் அறிந்த எவருக்கும் இதில் புதிதாக ஒன்றுமில்லை. வரத்து வாய்க்கால், ஏரி, மதகு, கலிங்கு என்று அந்த அமைப்பு கண்ணெதிரே கிடக்கிறது. நிலத்தடி நீர் மட்டும் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் அதன் கணக்கில் வரவு எழுதப்படுகிறது, செலவு விடுபடுகிறது.

வரவையே முதலில் அளந்து பார்க்கலாம். ஒரு படுகை அணையின் பின்னால் 200 மீட்டர் அகலத்தில், 2 கிலோமீட்டர் நீளத்துக்கு, சராசரி 1 மீட்டர் ஆழத்தில் நீர் நிற்பதாகக் கொள்வோம். செல்லிப்பட்டின் அளவு என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்குக்கான ஒரு மாதிரி. கொள்ளளவு 4 லட்சம் கன மீட்டர், ஏறக்குறைய 1.4 கோடி கன அடி. ஆற்றில் விநாடிக்கு 20,000 கன அடி வெள்ளம் வந்தால் இந்தத் தேக்கம் 12 நிமிடத்தில் நிரம்பிவிடும். அதன் பிறகு வரும் வெள்ளம், அது இரண்டு நாள் ஓடினாலும் ஐந்து நாள் ஓடினாலும், அணையின் தலைக்கு மேலே ஏறிப் போகும். ‘வெள்ள நீரைத் தேக்குவோம்’ என்ற சொல்லுக்கும் படுகை அணைக்கும் உள்ள தொடர்பு இந்த 12 நிமிடம்தான். அணையால் வரும் உண்மையான நன்மை வெள்ளம் வடிந்த பிறகு, மெல்லிய ஓட்டம் தொடரும் மாதங்களில் கிடைக்கிறது. அப்போது நாளொன்றுக்கு 2 செ.மீ. நீர் மணலில் இறங்குவதாகவும், இறங்கியதை ஆறு ஈடுகட்டிக்கொண்டே இருப்பதாகவும் தாராளமாக வைத்துக்கொண்டால், 100 நாளில் 8 லட்சம் கன மீட்டர் கீழே சேரும்.

இனி செலவு. 5 ஹெச்.பி. மோட்டார் விநாடிக்கு 5 லிட்டர் இறைத்து நாளுக்கு 8 மணி நேரம் ஓடினால் 144 கன மீட்டர் வெளியே வரும். 100 நாள் பயிர்க் காலத்தில் 14,400 கன மீட்டர். சுமார் 3 ஏக்கர் நெல்லுக்கு அது சரியாக இருக்கும். ஆக, அணை கொடுத்த 8 லட்சம் கன மீட்டரை 55 மோட்டார்கள் ஒரே பருவத்தில் எடுத்துவிடும். வயலில் பாய்ந்த நீரில் ஒரு பகுதி திரும்பக் கீழே இறங்கும் என்பதால், பாதியைத் தள்ளிவிட்டு 110 மோட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆற்றோரத்து இரண்டு மூன்று ஊர்களுக்கு அது பெரிய எண் அல்ல. புதிதாக 110 இணைப்புகள் வரத் தேவையும் இல்லை. இருக்கும் மோட்டார்கள் ஒரு போகத்துக்குப் பதில் இரண்டு போகத்துக்கு ஓடினாலே போதும்.

ஓடுமா? ஓடும். கிணற்றில் நீர் ஏறியதைப் பார்த்த உழவர் சம்பாவோடு நிறுத்திய நிலத்தில் நவரை நடுவார். நவரை நட்டவர் சொர்ணவாரியும் வைப்பார். மணிலா போட்ட மேட்டு நிலம் நெல்லுக்கு மாறும். இது பேராசை அல்ல. தண்ணீர் இருக்கும்போது நிலத்தைத் தரிசாகப் போடுவதுதான் உழவரின் கண்ணில் குற்றம். புதுச்சேரியில் பாசன மோட்டாருக்கு மின்சாரம் இலவசமாகவோ பெயரளவுக் கட்டணத்திலோ கிடைக்கிறது. இன்னொரு மணி நேரம் ஓட்டுவதால் கூடுதல் செலவில்லை. எனவே இருப்பு உயர்ந்தவுடன் போக்கும் உயர்கிறது. சில ஆண்டுகளில் நீர்மட்டம் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது, ஒரு வேறுபாட்டோடு: முன்பு அந்த மட்டத்தை நம்பி இருந்த பயிர்ப் பரப்பு சிறியது, இப்போது பெரியது. மழை பொய்க்கும் ஆண்டில் அடிபடும் ஏக்கரும் அதற்கேற்பக் கூடிவிட்டிருக்கும்.

இந்த வட்டாரத்தின் அரை நூற்றாண்டு வரலாறு இதே பாதையில் நடந்திருக்கிறது. 1960-களுக்கு முன் ஏரி மதகும் ஏற்றமும் மாடு இழுக்கும் கவலையும் தந்த அளவுக்கு ஓர் இயற்கையான உச்சவரம்பு இருந்தது. மாட்டின் களைப்பே அந்த வரம்பு. பிறகு மின்சாரம் வந்தது, ஆழ்துளைக் கிணறு வந்தது. தரைமட்ட மோட்டார் இழுக்கும் ஆழத்துக்குக் கீழே நீர் இறங்கியபோது கிணற்றுக்குள் இறக்கி மோட்டார் வைத்தார்கள். அதுவும் எட்டாதபோது நீர்மூழ்கி மோட்டார். ஒருவர் போரை ஆழப்படுத்தினால் பக்கத்துப் போர் காற்று வாங்கும். குழாயில் தண்ணீர் விட்டு விட்டுத் துப்பும். பக்கத்துக்காரர் கடன் வாங்கி இன்னும் 50 அடி இறக்குவார். ஒவ்வொருவர் முடிவும் அவரவர் வரப்புக்குள் சரியே. எல்லாரும் ஒரே கல்லாவுக்குச் சாவி வைத்திருக்கும் கூட்டுக் குடும்பத்தில், எடுக்காமல் இருப்பவர்தான் ஏமாந்தவர். சிறு விவசாயி முதலில் வெளியேறுகிறார். கடனைக் கட்ட முடியாமல் நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறார், அல்லது போர் உள்ளவரிடம் தண்ணீர் வாங்கிப் பாய்ச்சுகிறார்.

அணையின் நீர் எந்த அடுக்கில் சேர்கிறது என்பதையும் வாய்ப்பாடு கேட்பதில்லை. புதுச்சேரிப் பகுதியின் கீழே நீர்த்தாங்கிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்திருக்கின்றன: மேலே ஆற்று வண்டல், அதற்குக் கீழே கடலூர் மணற்கல், அதற்கும் கீழே வானூர்ப் பகுதியில் தரைக்கு வந்து தலைகாட்டும் பழைய மணற்கல் அடுக்கு. படுகை அணை நேரடியாக நிரப்புவது மேல் வண்டலை. ஆழமான போர் இழுப்பது பெரும்பாலும் கீழ் அடுக்கிலிருந்து. அந்த அடுக்குக்கு நீர் இறங்கும் வாய் வேறு இடத்தில் இருக்கலாம், மாநில எல்லைக்கு அப்பாலும் இருக்கலாம். இடையில் களிமண் இருந்தால் மேலே சேர்ந்தது கீழே போய்ச் சேர நெடுங்காலம் ஆகும். மேல் கிணறு நிரம்பியதைக் காட்டி, ஆழ்துளை நீர் உயர்ந்துவிட்டதாகச் சொல்வது ஒருவர் கணக்கில் பணம் கட்டி இன்னொருவர் கணக்கில் இருப்பைப் பார்ப்பதுதான்.

காலத்தின் குழப்பம் இன்னும் கடுமையானது. இங்கே ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். நிலத்தடி நீர் அதன் உச்சத்தைத் தொடுவது டிசம்பர், ஜனவரியில். நவரை நடவு முடிவாவதும் அதே வாரங்களில். கிணறு தளும்பும்போது எத்தனை ஏக்கர் நடலாம் என்று முடிவாகிறது. அந்த முடிவின் விலை மார்ச்சிலும் ஏப்ரலிலும், கதிர் பால்பிடிக்கும் நேரத்தில் தெரிகிறது. முடிவெடுக்கும் மாதத்தில் கிடைக்கும் ஒரே தகவல் நம்பிக்கையூட்டுகிற பொய். படுகை அணை அந்தத் தளும்பலை இன்னும் சில வாரம் நீட்டிக்கிறது. நீர் ஏற்றத்தின் நன்மையோடு இந்த மயக்கமும் சேர்ந்தே வருகிறது.

‘கடலில் வீணாகும் நீர்’ என்ற தொடருக்கு இனி வரலாம். வாய்ப்பாட்டின் உணர்ச்சி வேகம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. செஞ்சி மலைப் பகுதியில் தொடங்கி, செஞ்சியாறு, வராக நதி என்ற பெயர்களும் பெற்று வரும் சங்கராபரணி, புதுச்சேரிக்குத் தெற்கே கழிமுகம் வழியாக வங்கக் கடலைச் சேர்கிறது. கழிமுகத்துக்கு வரும் நன்னீர்தான் உவர்நீரை வெளியே நிறுத்துகிறது. அலையாத்திச் செடிகளும் இறாலும் மீன்குஞ்சும் அந்தக் கலப்பு நீரில்தான் பிழைக்கின்றன. ஆறு கொண்டுவரும் மணல் கடற்கரைக்குப் போகிறது. மேலே இறைப்பு கூடி, கீழே நன்னீர் குறைந்தால் கரையோர ஊர்களின் கிணறு உப்பாகும். ஒரு முறை உப்பேறிய நீர்த்தாங்கியை மீட்பது ஒரு மழைக்காலத்தில் முடியாது. கடலுக்குப் போன நீர் வேலை செய்துவிட்டே போகிறது. அந்த வேலைக்குப் பயனாளிகள் பட்டியல் இல்லாததால் அது வீண் எனப் பெயர் பெற்றது.

ஒரு சொட்டும் போகவிடக் கூடாது என்ற சித்திரத்துக்கு வேறொரு விலையும் உண்டு. நீர்த்தேக்கத்தை எப்போதும் நிரப்பி வைத்திருப்பதே நல்ல நிர்வாகம் என்று மக்களும் அதிகாரிகளும் கருதினால், பெருமழை வரும்போது அதில் வெள்ளத்துக்கு இடமிருக்காது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, நகரில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அடுத்த இரு நாளில் மழை தென்பெண்ணையின் மேற்பகுதிக்கு நகர்ந்தபோது சாத்தனூர் அணை ஏறக்குறைய முழுக் கொள்ளளவில் இருந்தது. விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட வேண்டியதாயிற்று. அது கடலூர் மாவட்டத்தையும் புதுச்சேரியின் பாகூர் கொம்யூனின் ஆற்றோர ஊர்களையும் மூழ்கடித்தது. பாசனத்துக்கு நிரப்பு, வெள்ளத்துக்குக் காலியாக வை என்ற இரண்டு கட்டளைகளை ஒரே சுவரிடம் சொல்கிறோம். எது எப்போது முதன்மை என்று முன்கூட்டியே எழுதிவைக்காத இடத்தில் அந்த முடிவை நள்ளிரவில் மதகடியில் நிற்பவர் எடுக்கிறார்.

சங்கராபரணியும் யாருக்கும் தனிச்சொத்தாகக் கிடைத்த ஆறு அல்ல. 1959-இல் முடிந்த வீடூர் அணை விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. அதன் பாசனம் தமிழ்நாட்டுக்கும், புதுச்சேரியில் சுமார் 1,000 ஏக்கருக்கும் உரியது. சுத்துக்கேணி வாய்க்கால் இந்த ஆற்று நீரை ஊசுட்டேரிக்குக் கொண்டுபோகிறது. புதுச்சேரியின் மிகப் பெரிய ஏரியான ஊசுடு, 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் நீர்ப்பரப்பே இரு ஆட்சிகளுக்கிடையே பிரிந்து கிடக்கிறது. இந்த வரிசையில் புதிதாக வைக்கும் எந்த அணையும் கீழே இருப்பவரின் வரத்தில் கொஞ்சம் எடுக்கும். பெருவெள்ள ஆண்டில் அது யாருக்கும் தெரியாது. நீர் குறைந்த ஆண்டில்தான், அதாவது அணை தேவைப்படும் ஆண்டில்தான், ஓர் ஊரின் வரவு அடுத்த ஊரின் செலவாகிறது. பத்து அணைகளின் நன்மையைத் தனித்தனியே அளந்து கூட்டினால் வரும் தொகை, ஆற்றில் ஓடிய மொத்த நீரைவிட அதிகமாகவும் இருக்கக்கூடும். திட்ட அறிக்கைகள் தனித்தனியே எழுதப்படுவதால் அந்த வேடிக்கை யார் கண்ணிலும் படுவதில்லை.

இதற்கெல்லாம் வழக்கமாக மூன்று மறுமொழிகள் வரும்.

சொட்டுநீர்ப் பாசனம் வந்தால் இறைப்பு குறையும் என்பது முதலாவது. குறைவது வயலுக்கு விடும் நீர். நிலத்தடி இருப்பில் குறைவது வேறு கணக்கு. வாய்க்காலில் பாய்ச்சும்போது வீணானதாகத் தோன்றும் நீரின் ஒரு பகுதி கீழே இறங்கி அதே நீர்த்தாங்கியைச் சேர்கிறது; அமைப்பை விட்டே போவது பயிர் குடித்ததும் ஆவியானதும்தான். சொட்டுநீர் அந்தத் திரும்பும் பங்கைக் குறைத்து, மிச்சமான நேரத்தில் இன்னொரு ஏக்கரை நனைக்கிறது. அப்போது பயிர் குடிக்கும் மொத்த நீர் கூடிப்போகிறது. நீராவி எந்திரம் சிக்கனமானபோது பிரிட்டனின் நிலக்கரிச் செலவு ஏறியதை வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865-இல் எழுதினார். பாசனத்தில் இதே முரண் பல நாடுகளில் நிகழ்வதை 2018-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஒரு கட்டுரை தொகுத்துக் காட்டியது. சொட்டுநீரால் விளைச்சலுக்கும் உழைப்புக்கும் நன்மை உண்டு. பயிர்ப் பரப்புக்கு வரம்பு வைக்காத இடத்தில் அதை நீர்ச் சேமிப்பு என்று சொல்லி மானியம் கொடுப்பதுதான் தவறு.

இரண்டாவது மறுமொழி விழிப்புணர்வு. உழவருக்குச் சரியான சிந்தனை முறையைக் கற்பித்தால் சரியான முடிவெடுப்பார் என்கிறது அது. சிந்தனைக் கருவிகளை விற்கும் தன்னம்பிக்கை நூல்களின் அடிப்படை நம்பிக்கையும் இதுவே: தலைக்குள் படம் திருந்தினால் வாழ்க்கை திருந்தும். செல்லிப்பட்டுக்கு அருகே லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் கதை இதற்கு எதிர்ச்சான்று. ஆலை ஓடிய காலத்தில் வட்டாரமெங்கும் கரும்பு நின்றது, ஆண்டு முழுவதும் நீர் குடித்துக்கொண்டு. ஆலை தள்ளாடி, கரும்புப் பணம் நிலுவையாகி, பிறகு அரவையே நின்றபோது கரும்புப் பரப்பு சுருங்கியது. எந்தக் கருத்தரங்கும் அதைச் செய்யவில்லை. கரும்பு நீரை உறிஞ்சும் பயிர் என்பது நட்ட நாளிலேயே எல்லா உழவருக்கும் தெரியும். தெரிந்ததைப் பின்பற்றினால் தனியொருவருக்கு நட்டம் என்ற நிலையில் அறிவு எதையும் மாற்றாது. பக்கத்து வயலின் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது தன் மோட்டாரை நிறுத்துபவர் தன் நீரைப் பக்கத்துக்காரருக்குத் தானம் செய்கிறார், அவ்வளவுதான். முறைமைச் சிந்தனையின் பயன் முடிவின் விதியையும் விலையையும் தகவலையும் மாற்றும் இடத்தைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. ஒருவரை உட்கார வைத்துப் பாடம் நடத்துவது அதன் மிக மலிவான பயன்பாடு.

மூன்றாவது, பழைய ஏரி முறைக்குத் திரும்புவது. இதில் நியாயம் அதிகம், ஏக்கமும் அதிகம். புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளும் வரத்து வாய்க்கால்களால் கோக்கப்பட்ட ஏற்பாடு. தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்கு நீர் கொண்டுவருவது அதன் பேருதாரணம். ஏரி கண்ணுக்குத் தெரியும் இருப்பு. மார்கழியில் நீர் எவ்வளவு என்று கரையில் நின்றே சொல்லிவிடலாம், அதற்கேற்ப எத்தனை மடை திறக்கலாம் என்று பேசி முடிக்கலாம். பிரெஞ்சுக் காலத்தில் உழவர்களிடம் வசூலித்து ஏரியையும் வாய்க்காலையும் பராமரித்த பாசனச் சங்கங்களும் இருந்தன. ஆனால் அந்த முறையைக் கட்டிக்காத்தது பழமையின் ஞானம் மட்டும் அன்று, வேறு வழியின்மையும்தான். ஏரி நீரை விட்டால் பயிர் இல்லை என்றிருந்தவரை வாய்க்கால் வெட்ட ஆள் வந்தது. சொந்தப் போர் உள்ளவருக்கு மடை முறை எதற்கு? 1999 முதல் ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியோடு நடந்த ஏரிப் புனரமைப்புத் திட்டம் கரைகளைப் பலப்படுத்தியது, தூர் வாரியது, உழவர் சங்கங்களையும் அமைத்தது. அதன் பிறகும் பாசனம் போரிலிருந்தே தொடர்கிறது. ஏரி நிலத்தடிக்கு நீர் ஊட்டும் குளமாக மாறிவிட்டது. அந்தப் புதிய வேலைக்கு ஏரி தகுதியானதுதான். அதைச் செய்யும்போது அதன் கணக்கைப் போரின் கணக்கோடு சேர்த்து எழுத வேண்டும். ஏரி ஒரு சங்கத்திடம், போர் ஒவ்வொருவரிடம், மின்சாரம் ஒரு துறையிடம், ஆறு இன்னொரு துறையிடம் என்றிருக்கும்வரை அந்தக் கணக்கை எழுத ஆளே இல்லை.

போக்கைக் கட்டுப்படுத்தாமல் வரத்தை மட்டும் கூட்டிய இடங்களுக்கு நடுவே, மாற்றிச் செய்த ஊர்கள் உண்டு. மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜார், பொபட்ராவ் பவார் தலைமையில் தடுப்பணையும் சமவரப்பும் கட்டியது. கூடவே பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது என்றும் கரும்பு, வாழை போன்றவை கூடாது என்றும் விதி வைத்தது. மழை முடிந்ததும் பெய்ததைக் கணக்கிட்டு, குடிநீருக்கும் மாட்டுக்கும் ஒதுக்கியது போக மிச்சத்துக்கு ஏற்பப் பயிரை முடிவு செய்கிறார்கள். அந்த ஊரைப் பார்க்க வருபவர்கள் அணைகளைப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். விதியைப் படமெடுக்க முடியாது. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் ஐ.நா. உணவு வேளாண் நிறுவன ஆதரவோடு நடந்த திட்டத்தில், ஏழு மாவட்டங்களின் நூற்றுக்கணக்கான ஊர்களில் உழவர்களே மழையையும் கிணற்று மட்டத்தையும் அளந்து, பயிருக்கு முன் நீர் பட்ஜெட் போட்டார்கள். தடை எதுவும் இல்லாமலே பல ஊர்களில் நெல் பரப்பு குறைந்தது. நிதி நின்ற பிறகு எல்லா ஊரிலும் பழக்கம் தொடரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அளவு எடுப்பதற்குச் சம்பளமுள்ள ஆள் வேண்டும் என்பதை அது காட்டுகிறது.

சட்டத்தால் ஒரே திருகைத் திருகினாலும் சிக்கல் இடம் மாறும் என்பதற்குப் பஞ்சாப் சாட்சி. 2009-இல் அங்கே நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டம் ஜூன் 10-க்கு முன் நெல் நடக்கூடாது என்றது. கோடை வெயிலில் ஆவியாகும் நீர் மிச்சமாயிற்று. அறுவடையும் தள்ளிப்போயிற்று, கோதுமை விதைக்க இருந்த இடைவெளி சுருங்கியது, வைக்கோல்தாளை விரைந்து எரிக்கும் நெருக்கடி கூடியது, அந்தப் புகை காற்று அசையாத நவம்பரில் டெல்லிக்கு மேலே வந்து நின்றது. சட்டம் எழுதியவர்கள் நீரை மட்டும் பார்த்தார்கள். நெல்லையும் கோதுமையையும் அரசே விலை கொடுத்து வாங்கும் கொள்கையைத் தொடாமல் நடவுத் தேதியைத் தொட்டதன் பலன் அது. புதுச்சேரியிலும் 2002-ஆம் ஆண்டுச் சட்டம் புதிய ஆழ்துளைக் கிணற்றுக்கு அனுமதி கேட்கிறது. அது கிணற்றின் எண்ணிக்கையை எண்ணுகிறது. ஏற்கெனவே உள்ள போரில் 5 ஹெச்.பி. போய் 10 ஹெச்.பி. வந்தால் எண்ணிக்கை மாறாது, நீர் மாறும்.

செல்லிப்பட்டு அணையைக் கட்டக் கூடாது என்று இவற்றிலிருந்து முடிவு கட்டுவது பிழை. கட்டுவதற்கு முன் எழுத வேண்டிய கணக்கு எது என்பதே கேள்வி. பொறியியல் பக்கத்தில் அந்தக் கணக்கு மணலிலிருந்து தொடங்கும். இத்தகைய சுவர்களைப் பல இடங்களில் வீழ்த்துவது நீரின் நேரடி மோதலை விடக் கீழ்ப்புறத்து அடியரிப்புதான்; தலைக்கு மேல் விழும் வெள்ளம் கீழே குழி பறிக்கும், மணல் அள்ளப்பட்டுப் படுகை தாழ்ந்த ஆற்றில் அந்தக் குழி ஆழமாகும், ஒரு நாள் அடித்தளம் வெளியே தெரியும். சுவரின் மேற்புறத்தில் மணலும் வண்டலும் படிந்து கொள்ளளவைத் தின்னும். படிந்த வண்டல் களிமண்ணாக இருந்தால் நீர் நிற்கும், இறங்காது. மணல்போக்கி மதகு இல்லாத அணை சில பத்தாண்டுகளில் மேடையாகிவிடும். தூர் வாரவும் கீழ்ப்புறக் கல்தளத்தைப் பழுதுபார்க்கவும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்காத மதிப்பீடு, கட்டும் செலவை மட்டும் சொல்லும் மதிப்பீடு.

நீர்ப் பக்கத்தில், இரு கரைகளிலும் மேல் அடுக்குக்கும் ஆழ் அடுக்குக்கும் தனித்தனியே நோக்குக் கிணறுகள் வேண்டும். அவற்றின் மட்டம் அணைக்கு முன்பும் பின்பும் அளக்கப்பட்டால்தான் எந்த அடுக்கு எவ்வளவு ஏறியது என்று தெரியும். அந்த எண் கொம்யூன் அலுவலகக் கோப்பில் தூங்காமல் நவரை நடவுக்கு முன் ஊர்ப் பலகையில் எழுதப்பட வேண்டும், மார்ச்சில் எங்கே நிற்கும் என்ற மதிப்பீட்டோடு. பாசன மின்தடத்தில் மொத்த நுகர்வைக் காட்ட ஒரு மீட்டர் போதும். தனித்தனி மோட்டாருக்குக் கட்டணம் போடும் அரசியல் சண்டைக்குள் போகாமலே ஊர் இறைத்த அளவு தெரியும். இலவச மின்சாரத்தை நிறுத்துவது முதல் வேலையாக வேண்டியதில்லை. மிச்சப்படுத்தும் யூனிட்டுக்கு உழவருக்கே பணம் கொடுக்கும் திட்டத்தைப் பஞ்சாப் 2018-இல் சில மின்தடங்களில் தொடங்கிப் பார்த்தது. நிறுத்திய மோட்டாருக்கும் ஒரு வருமானம் உண்டு என்றாக்கும் வழி அது. சிறுதானியத்துக்கும் மணிலாவுக்கும் உளுந்துக்கும் நெல்லைப் போல உறுதியான கொள்முதல் இருந்தால் நடவுக் கணக்கு வேறாகும். சர்க்கரை ஆலை நின்றபோது நட்டத்தோடு நடந்தது, விலையோடு நடக்கவும் கூடும்.

இவை அனைத்தையும் புதுச்சேரி மட்டும் செய்ய முடியாது. வீடூரின் மதகு விழுப்புரத்தில் இருக்கிறது. ஆழ் அடுக்கின் நீரூட்டுப் பரப்பில் ஒரு பகுதி வானூரில். ஊசுட்டேரியின் மறுகரை தமிழ்நாட்டில். புதுச்சேரிக் கிராமங்களோ தமிழ்நாட்டு ஊர்களுக்கிடையே துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒரு போரின் நீர் எந்த ஆட்சியின் கீழிருந்து வருகிறது என்று வரப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. சங்கராபரணிப் படுகை முழுவதற்கும் இரு அரசுகளும் சேர்ந்து ஆண்டுக்கொரு முறை, பருவமழை முடிந்த ஜனவரியில், வரத்தையும் இருப்பையும் போக்கையும் ஒரே தாளில் எழுதினால், அடுத்த படுகை அணையை எங்கே வைப்பது, வைக்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு அந்தத் தாளிலிருந்தே விடை எடுக்கலாம்.